கட்டில் விற்கலாம், காபி விற்கக் கூடாது! டெல்லியில் ஒரு வாரியம் இருந்த கதை

ஹைதராபாத் ஹைடெக் சிட்டியில் இருக்கும் ஐகியா கடைக்குப் போகிறவர்கள் சோபா வாங்குகிறார்களோ இல்லையோ, உள்ளே இருக்கும் உணவகத்தை எட்டிப் பார்க்காமல் திரும்புவதில்லை. சுமார் ஆயிரம் இருக்கைகள். பிரியாணி, சமோசா எல்லாம் உண்டு. ஸ்வீடனின் பிரபலமான இறைச்சி உருண்டை, இங்கே சிக்கன் உருண்டையாகவும் காய்கறி உருண்டையாகவும் மாறிவிட்டது.

ஆனால், இப்படி ஓர் உணவகம் அந்தக் கடைக்குள் வரக் கூடாது என்றுதான் முதலில் முடிவானது. அந்த முடிவை எடுத்தது நீதிமன்றமோ நாடாளுமன்றமோ இல்லை. டெல்லியில் சில துறைச் செயலாளர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசும் கூட்டம். அதன் பெயர், அந்நிய முதலீட்டு மேம்பாட்டு வாரியம். ஆங்கில முதல் எழுத்துகளைச் சேர்த்து எஃப்.ஐ.பி.பி என்று சொன்னால் தொழில் உலகில் எல்லோருக்கும் தெரியும்.

2012 ஜூன் மாதம் ஐகியா தன் விண்ணப்பத்தைக் கொடுத்தது. முதலீடு 10,500 கோடி ரூபாய், 25 கடைகள். ஒரே பிராண்டை விற்கும் கடைகளில் 100% அந்நிய முதலீட்டுக்கு அரசு அனுமதி அளித்து அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதற்கு ஒரு நிபந்தனையும் இருந்தது. விற்கும் பொருளின் மதிப்பில் 30 சதவிகிதத்தை இங்குள்ள சிறுதொழில் நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். 'எங்களுக்குப் பொருள் கொடுக்கும் சிறு நிறுவனம் எங்களாலேயே வளர்ந்து பெரிதாகிவிட்டால் என்ன செய்வது? அவரைக் கைவிட்டுவிட்டு வேறு ஆளைத் தேட வேண்டுமா?' என்பது ஐகியாவின் சந்தேகம். நியாயமான கேள்விதான். கடை திறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே இந்தியாவில் துணி, தரைவிரிப்பு வாங்கி உலகம் முழுக்க விற்ற கம்பெனி அது. அந்த ஆண்டு செப்டம்பரில் அரசு விதியைச் சற்றுத் தளர்த்தியது.

நவம்பரில் விண்ணப்பம் வாரியத்துக்கு வந்தது. அனுமதி கிடைத்தது, ஆனால் பாதி அனுமதி! கேட்டிருந்த பொருள் வகைகளில் பலவற்றை வாரியம் அடித்துவிட்டது. அதில் உணவகமும் ஒன்று. 'ஒரே பிராண்டு' விதியில் வந்துவிட்டு, காபியும் சாப்பாடும் எப்படி விற்பீர்கள் என்பது வாரியத்தின் தர்க்கம். உலகத்தில் எங்கே கடை திறந்தாலும் உணவகத்தோடு திறப்பதுதான் எங்கள் வழக்கம் என்றது ஐகியா. மறுபரிசீலனைக்குப் பிறகு, 2013 ஜனவரியில் வாரியம் முழுமையாகத் தலையசைத்தது. மே மாதம் மத்திய அமைச்சரவைக் குழுவும் ஒப்புதல் கொடுத்தது.

ஒரு தட்டு இறைச்சி உருண்டைக்கு டெல்லியில் இத்தனை கூட்டமா என்று சிரிப்பு வரலாம். ஆனால் கால் நூற்றாண்டு காலம், இந்தியாவுக்குள் எந்த வெளிநாட்டுக் கம்பெனி வரலாம், எவ்வளவு பங்கு வைத்துக்கொள்ளலாம், என்ன விற்கலாம் என்பதை முடிவு செய்ததில் இந்த மேசைக்குப் பெரிய பங்கு உண்டு. நாம் ஓட்டும் கார், போடும் மாத்திரை, பேசும் போன் என்று அது தொடாத பொருள் குறைவு.

தங்கம் அடகுக்குப் போன ஆண்டு

இந்த வாரியம் பிறந்த சூழலைப் புரிந்துகொள்ள, அதற்கு முன்பிருந்த காலத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1973-ல் வந்த ஃபெரா எனும் அந்நியச் செலாவணிச் சட்டம், பெரும்பாலான வெளிநாட்டுக் கம்பெனிகளைத் தங்கள் பங்கை 40 சதவிகிதமாகக் குறைக்கச் சொன்னது. கோகோ கோலா மறுத்து 1977-ல் மூட்டை கட்டியது. அடுத்து ஐ.பி.எம்மும் கிளம்பியது. கோகோ கோலா போன இடத்தில் அரசே '77' என்ற பெயரில் ஒரு குளிர்பானத்தை இறக்கியதை, வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டிகளிடம் கேட்டால் சொல்வார்கள்.

1991-ல் நிலைமை தலைகீழ். இறக்குமதிக்குக் கொடுக்க டாலர் இல்லை. ரிசர்வ் வங்கியின் 47 டன் தங்கம் இங்கிலாந்துக்கு விமானத்தில் போனது. வீட்டு நகையை அடகு வைப்பதன் வலி தெரிந்த நாட்டில், நாட்டு நகையே அடகுக்குப் போன செய்தி எப்படி இறங்கியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

அந்த ஆண்டு ஜூலை 24-ம் தேதி மன்மோகன் சிங் வாசித்த பட்ஜெட்டை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே நாளில், பட்ஜெட்டுக்குச் சில மணி நேரம் முன்பு, புதிய தொழில் கொள்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. உண்மையில் பெரிய புரட்சி அந்தத் தாளில்தான் இருந்தது. 34 தொழில்களில் 51% வரை வெளிநாட்டுப் பங்குக்குத் தானாகவே அனுமதி என்றது அது. அதற்கு மேல் கேட்கும் பெரிய கம்பெனிகளுடன் பேச்சுவார்த்தை நடத்தி முடிவெடுக்க, தனி அதிகாரம் கொண்ட ஒரு வாரியம் அமைக்கப்படும் என்றும் அதில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியிலிருந்து முளைத்ததுதான் எஃப்.ஐ.பி.பி.

பிரதமர் நரசிம்ம ராவ் அதைத் தன் அலுவலகத்திலேயே வைத்துக்கொண்டார். தலைவர், அவருடைய முதன்மைச் செயலாளர் அமர்நாத் வர்மா. தொழில் துறையும் ராவின் கையில்தான் இருந்தது. கம்பெனிக்காரர் ஒவ்வொரு அமைச்சகமாக ஏறி இறங்காமல், பிரதமருக்கு அடுத்த நாற்காலியில் இருப்பவரிடமே நேராகப் பேசலாம் என்பது இதன் பலம். 'மேம்பாட்டு வாரியம்' என்ற பெயரிலேயே நோக்கம் இருந்தது. வாசலில் நின்று தடுக்கும் காவலாளி வேலைக்காக அதை ஆரம்பிக்கவில்லை, கையைப் பிடித்து உள்ளே அழைத்து வரத்தான் ஆரம்பித்தார்கள்.

தமிழ்நாட்டுக்கு இதில் நேரடியான பலன் உண்டு. 51 சதவிகிதத்துக்கு மேல் என்றால் வாரியத்தின் மேசைக்குத்தான் போக வேண்டும் என்றிருந்த அந்தக் காலத்தில், முழுக்கத் தன் சொந்த முதலீட்டில் தொழிற்சாலை என்று வந்தது கொரியாவின் ஹூண்டாய். 1996-ல் இந்தியக் கம்பெனி பதிவானது. 1998 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வெளியே வந்தது. ஒரு தலைமுறை நடுத்தரக் குடும்பங்களுக்கு முதல் கார் அதுதான்.

கோப்பு எப்படி நகர்ந்தது?

1996-ல் வாரியம் பிரதமர் அலுவலகத்திலிருந்து தொழில் கொள்கைத் துறைக்கு இடம் மாறியது. 2003-ல் நிதி அமைச்சகத்துக்கு வந்து, கடைசி வரை அங்கேயே இருந்தது. பொருளாதார விவகாரத் துறைச் செயலாளர் தலைவர். தொழில் கொள்கை, வணிகம், வெளியுறவு போன்ற துறைகளின் செயலாளர்கள் உறுப்பினர்கள். விண்ணப்பம் எந்தத் துறை சம்பந்தப்பட்டதோ, அந்த அமைச்சகத்தின் கருத்தும் வரும். பாதுகாப்புச் சிக்கல் இருக்கும் என்று தோன்றினால் உள்துறையிடம் போகும்.

கூட்டம் முடிந்ததும் ஒரு செய்திக்குறிப்பு வெளியாகும். பார்க்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும். அட்டவணையில் வரிசை எண், கம்பெனி பெயர், என்ன கேட்டார்கள், எத்தனை கோடி. அனுமதிக்கப்பட்டவை ஒரு பகுதி, ஒத்திவைக்கப்பட்டவை ஒரு பகுதி, நிராகரிக்கப்பட்டவை ஒரு பகுதி. பங்குச் சந்தைக்காரர்கள் இந்தத் தாளுக்காகக் காத்துக் கிடப்பார்கள். நிராகரிப்பைவிட 'ஒத்திவைப்பு' என்ற வார்த்தைதான் கம்பெனிகளுக்குக் கிலி. முடியாது என்று சொல்லிவிட்டால் வேறு வேலை பார்க்கலாம். 'பிறகு பார்ப்போம்' என்றால்? கல்யாணப் பேச்சில் 'கலந்து சொல்கிறோம்' என்பது போல!

எல்லாவற்றையும் வாரியமே முடித்துவிட முடியாது. அது பரிந்துரை செய்யும், நிதியமைச்சர் ஒப்புதல் தருவார். தொகை ஒரு வரம்பைத் தாண்டினால் பொருளாதார விவகாரங்களுக்கான அமைச்சரவைக் குழுவுக்குப் போகும். அந்த வரம்பு முதலில் 600 கோடி. 2010-ல் 1,200 கோடி ஆனது. 2015 நவம்பரில் 5,000 கோடி. இந்த எண் ஏன் முக்கியம் என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும்.

வாரியத்தின் வேலை வெறும் முத்திரை குத்துவது என்று நினைத்தால் தப்பு. மருந்து விஷயத்தை எடுத்துக்கொள்வோம். 2008-ல் ரான்பாக்ஸி நிறுவனத்தை ஜப்பானின் டாய்ச்சி சாங்கியோ வாங்கியது. அடுத்தடுத்து இந்திய மருந்துக் கம்பெனிகள் வெளிநாட்டார் கைக்குப் போகத் தொடங்கின. மலிவு விலை மாத்திரைகளுக்குப் பெயர் போன நாட்டில், அந்தத் தொழிற்சாலைகளின் புதிய முதலாளி 'லாபம் இல்லை' என்று அத்தியாவசிய மருந்தின் தயாரிப்பையே நிறுத்திவிட்டால்? இந்தக் கவலையில், ஏற்கெனவே இயங்கும் மருந்துக் கம்பெனியை வெளிநாட்டார் வாங்குவதாக இருந்தால் அரசு அனுமதி கட்டாயம் என்று 2011-ல் விதி மாறியது. பிறகு நிபந்தனைகளும் வந்தன. தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்துகளைக் கம்பெனி கை மாறும்போது எந்த அளவு தயாரித்து உள்நாட்டில் விற்றதோ, அந்த அளவை அடுத்த 5 ஆண்டுகளுக்குக் குறைக்கக் கூடாது. ஆராய்ச்சிச் செலவையும் 5 ஆண்டுகளுக்குக் குறைக்கக் கூடாது.

மருந்துக்கடையில் சர்க்கரை மாத்திரை வாங்கும் யாருக்கும் இந்த நிபந்தனை தெரிந்திருக்காது. தெரிய வேண்டியதும் இல்லை. ஆனால் 'அனுமதி' என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் பேரம் பேசி வாங்கிய இப்படிச் சில வரிகள் இருந்தன. வாரியத்தின் உண்மையான உழைப்பு அங்கேதான். 2013-ல் ஜெட் ஏர்வேஸின் 24% பங்கை அபுதாபியின் எதிஹாட் வாங்க வந்தபோதும் அதேதான் நடந்தது. பங்கு 24 சதவிகிதம்தான், ஆனால் கம்பெனியின் லகான் யார் கையில் இருக்கும் என்று வாரியம் கேட்டு ஒத்திவைத்தது. ஒப்பந்தத்தின் ஷரத்துகளைத் திருத்திக் கொண்டுவந்த பிறகே அனுமதி கிடைத்தது.

எல்லாத் துறைகளுக்கும் இந்த மேசை வேலை செய்யவில்லை. சில தொழில்களில் அந்நிய நேரடி முதலீட்டுக்கு அடியோடு தடை. லாட்டரி, சூதாட்டம், அணுசக்தி, சிகரெட் தயாரிப்பு வரிசையில் நமக்கு நன்கு பழக்கமான இரண்டு பெயர்களும் இருக்கின்றன. ஒன்று, சீட்டு கம்பெனி. மற்றொன்று, 'நிதி' நிறுவனங்கள். மளிகைக் கடை விஷயம் இன்னும் சுவாரஸ்யம். பல பிராண்டு சில்லறை வணிகத்தில் 51% வரை அனுமதிக்கலாம் என்று 2012-ல் மத்திய அரசு சொன்னாலும், அந்தந்த மாநிலம் சம்மதித்தால்தான் கடை திறக்க முடியும் என்று வைத்துவிட்டது. முதல்வராக இருந்த ஜெயலலிதா, தமிழ்நாட்டில் கிடையாது என்று கறாராகச் சொன்னார். டாடாவின் டிரென்ட் குழுமத்துடன் சேர வந்த பிரிட்டனின் டெஸ்கோவுக்கு 2013 கடைசியில் வாரியம் பச்சைக்கொடி காட்டியது. அண்ணாச்சி கடைகளை விழுங்கப்போகிறார்கள் என்று பயமுறுத்திய பெரிய பெயர்கள் பலவும் அந்த வழியில் வரவே இல்லை.

நான்கரைக் கோடியும் 305 கோடியும்

எல்லாக் கோப்புகளும் ஒரே மேசைக்கு வந்தால் வேலை வேகமாக முடியும். அந்த மேசையைச் சுற்றியே தரகர்களும் மொய்ப்பார்கள் என்பது அதன் மறுபக்கம்.

ஐ.என்.எக்ஸ் மீடியா வழக்கு தமிழ்நாட்டு வீடுகளில் டி.வி விவாதமாகப் பல இரவுகள் ஓடியது. 2007-ல் அந்த நிறுவனத்துக்கு வாரியம் அனுமதித்த முதலீடு 4.62 கோடி ரூபாய். வந்த தொகை 305 கோடி என்கிறது சி.பி.ஐ. இந்த மீறலைச் சரிக்கட்ட வாரியத்தின் ஒப்புதலைப் பெறுவதில் முறைகேடு நடந்ததாக 2017 மே 15 அன்று வழக்குப் பதிவானது. அப்போதைய நிதியமைச்சர் ப.சிதம்பரம் 2019 ஆகஸ்ட் 21 இரவு கைது செய்யப்பட்டு, டிசம்பர் 4-ம் தேதி ஜாமீனில் வெளியே வந்தார். அவருடைய மகன் கார்த்தி அதற்கு முந்தைய ஆண்டு சென்னை விமான நிலையத்தில் கைதாகியிருந்தார். இருவரும் குற்றச்சாட்டை மறுக்கிறார்கள். பல செயலாளர்கள் அமர்ந்த வாரியம் ஒருமனதாகப் பரிந்துரைத்ததைத்தான் அமைச்சர் ஏற்றார் என்பது சிதம்பரம் தரப்பின் வாதம்.

ஏர்செல்-மேக்சிஸ் விவகாரத்தில், மேலே சொன்ன 600 கோடி வரம்புதான் சர்ச்சையின் மையம். கோப்பு அமைச்சரவைக் குழுவுக்குப் போயிருக்க வேண்டும் என்கிறது விசாரணை அமைப்பு. விதிப்படிதான் நடந்தது என்கிறது எதிர்த்தரப்பு. தீர்ப்பு சொல்ல வேண்டியது நீதிமன்றம். ஆனால் வாரியத்தின் அமைப்பைப் பற்றி இந்த வழக்குகள் ஒரு விஷயத்தைக் காட்டிக்கொடுத்தன. கூட்டாக எடுக்கும் முடிவில், தவறு என்று வரும்போது அது யாருடைய முடிவு என்பதைச் சொல்வது கடினம். செயலாளர்களுக்கு மேல் அமைச்சர், அமைச்சருக்குக் கீழே செயலாளர்கள், அவர்களுக்குக் கீழே குறிப்பு எழுதிய அதிகாரி. அதிகாரிகள் சிலரும் ஐ.என்.எக்ஸ் வழக்கில் குற்றம்சாட்டப்பட்டவர்கள் பட்டியலில் சேர்ந்தார்கள்.

விடைபெற்ற வாரியம்

2017 பிப்ரவரி 1 பட்ஜெட்டில் அருண் ஜெட்லி, எஃப்.ஐ.பி.பி கலைக்கப்படும் என்று அறிவித்தார். அவர் சொன்ன காரணம், வரும் அந்நிய முதலீட்டில் 90 சதவிகிதத்துக்கு மேல் 'தானியங்கி வழி'யில் வந்துவிடுகிறது. அதாவது, முன் அனுமதியே தேவையில்லை. பணம் வந்த பிறகு ரிசர்வ் வங்கியிடம் கணக்குக் காட்டினால் போதும். மீதமிருக்கும் சொற்ப கோப்புகளுக்கு எதற்குத் தனி வாரியம்? மே 24 அன்று அமைச்சரவை இதற்கு ஒப்புதல் அளித்தது. ஐ.என்.எக்ஸ் வழக்குப் பதிவாகி 9 நாள்தான் ஆகியிருந்தது. கலைக்கும் அறிவிப்பு மூன்று மாதம் முன்பே வந்துவிட்டதால், இரண்டையும் முடிச்சுப் போடுவது சரியாக இருக்காது.

அதன் பிறகு விண்ணப்பம் ஓர் இணையதளத்தில் பதிவாகி, சம்பந்தப்பட்ட அமைச்சகத்துக்குப் போகிறது. மருந்து என்றால் மருந்துத் துறை, விமானம் என்றால் விமானப் போக்குவரத்து, பத்திரிகை என்றால் தகவல் ஒலிபரப்பு. 8 முதல் 10 வாரங்களில் முடிக்க வேண்டும் என்று அப்போது கெடு வைத்தார்கள். ஒரு நல்ல ஏற்பாடும் செய்தார்கள். அமைச்சகம் ஒரு விண்ணப்பத்தை நிராகரிக்க நினைத்தாலோ, விதியில் இல்லாத புது நிபந்தனை போட நினைத்தாலோ, தொழில் கொள்கைத் துறையின் சம்மதத்தை வாங்க வேண்டும். தனியாக 'இல்லை' என்று சொல்லிவிட முடியாது.

ஒரு மேசைக்குப் பதிலாகப் பல மேசைகள் வந்துவிட்டன. வெவ்வேறு துறையின் செயலாளர்கள் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் கணக்கை ஒருவர் கேள்வி கேட்ட அந்தக் கூட்டம் மட்டும் இப்போது இல்லை. அது இழப்புதான்.

ஹைதராபாத்தில் ஐகியா கடை திறந்தது 2018 ஆகஸ்ட் 9-ம் தேதி. முதல் நாள் கூட்டத்தில் சாலையே திணறியது. விண்ணப்பம் கொடுத்து ஆறு ஆண்டுகள் ஓடியிருந்தன. அனுமதி கொடுத்த வாரியம் ஓராண்டுக்கு முன்பே கதையாகிவிட்டது.

ஒரு சதவிகிதம் போட்ட பூட்டு

கதவு முழுக்கத் திறந்துவிட்டது என்று நினைத்தபோதுதான் கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் பங்குகள் சரிந்தபோது, வீட்டுக்கடன் கொடுக்கும் ஹெச்.டி.எஃப்.சி நிறுவனத்தில் சீன மத்திய வங்கியின் பங்கு 1 சதவிகிதத்தைத் தொட்டது ஏப்ரலில் தெரியவந்தது. பங்குச் சந்தையில் வாங்கியது, சட்டப்படி எந்தத் தவறும் இல்லை. ஆனாலும் நாடே பதறியது. ஏப்ரல் 17 அன்று மத்திய அரசு ஒரு குறிப்பை வெளியிட்டது. இந்தியாவுடன் நில எல்லை கொண்ட நாடுகளிலிருந்து வரும் நேரடி முதலீடு எந்தத் துறையாக இருந்தாலும், எவ்வளவு சிறிய தொகையாக இருந்தாலும் அரசின் முன் அனுமதி வேண்டும். அதற்கு முன்பு இந்தக் கட்டுப்பாடு பாகிஸ்தானுக்கும் வங்கதேசத்துக்கும்தான். இப்போது சீனா உள்ளே வந்தது. வேடிக்கை என்னவென்றால், பதற்றத்தைக் கிளப்பியது பங்குச் சந்தை முதலீடு. பூட்டு விழுந்தது நேரடி முதலீட்டுக்கு.

வாரியம் போனாலும், 'யார் நீங்கள், பணம் எங்கிருந்து வருகிறது?' என்ற அதன் கேள்வி இப்படித் திரும்பி வந்தது.

ஸ்ரீபெரும்புதூர், மறைமலைநகர் பக்கம் வாழும் குடும்பங்கள் கேட்பது வேறொரு கேள்வி. 2006-ல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை, 2014 நவம்பர் 1-ம் தேதி நின்றுபோனது. வரி வழக்கு ஒரு பக்கம், மைக்ரோசாஃப்ட் கைக்குப் போன வியாபாரம் மறுபக்கம். கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ் ஏறி வந்த ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் கணக்கு முடித்து அனுப்பப்பட்டார்கள். பலருக்கு அதுதான் முதல் வேலை. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. அடுத்த ஆண்டு மறைமலைநகர் வாசலில் தொழிலாளர்கள் உட்கார்ந்து போராடியது இழப்பீட்டுத் தொகைக்காக.

வாரியம் இருந்த காலத்திலும் சரி, இல்லாத காலத்திலும் சரி, முதலீட்டு விண்ணப்பத்தில் எத்தனை கோடி, எத்தனை சதவிகிதம், எந்த நாட்டுப் பணம் என்றெல்லாம் நுணுக்கமாகக் கேட்கிறார்கள். மருந்து ஆலைக்கு மட்டும் '5 ஆண்டுகளுக்குத் தயாரிப்பைக் குறைக்கக் கூடாது' என்று எழுதி வாங்கினார்கள். கார் தொழிற்சாலைக்கோ போன் தொழிற்சாலைக்கோ அப்படி ஒரு வரி எழுதப்படவில்லை. எழுதியிருந்தால் அவர்கள் வந்தே இருப்பார்களா என்பதும் நியாயமான சந்தேகம்.

2024 செப்டம்பரில், மறைமலைநகர் ஆலையை ஏற்றுமதிக்காக மறுபடி இயக்க விரும்புவதாக ஃபோர்டு தமிழ்நாடு அரசுக்குக் கடிதம் கொடுத்தது. கார் துறை இப்போது தானியங்கி வழியில் இருக்கிறது. இதற்காக டெல்லியில் எந்த மேசையும் கூட வேண்டியதில்லை.